இரும்புக் கண்ணாடி

வாரியத்தில் எல்லோரும் என்னைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மூக்குக் கண்ணாடி போடுகிறவன் அல்ல. சுவரில் விரிசல் விட்டிருக்கும் இடத்தில், குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து பூசி ஒட்டுவது என் வேலை. சுவர் மயிரிழை அசைந்தாலும் சில்லு உடைந்துவிடும். தினமும் காலையில் போய் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் தெரிந்தால் போதும், படிப்பு தேவையில்லை என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். கண் தெரிவது எவ்வளவு பெரிய தொல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

முழுப் பெயர் நில அசைவுக் கண்காணிப்பு வாரியம். பூமிக்கு அடியில் இரண்டு பெரிய பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிராக நகரும் கோட்டின் மேலேயே வாரியக் கட்டடத்தைக் கட்டியிருந்தார்கள். ஏன் அங்கேயே போய்க் கட்டினார்கள் என்று கேட்டால், முதல் தலைவர் சொன்ன காரணத்தைப் பெருமையாகச் சொல்வார்கள்: "நோயாளி படுத்திருக்கிற கட்டில்லயே டாக்டரும் படுத்தாதான் நாடி சரியா தெரியும்." அன்றிலிருந்து டாக்டர் எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் கோடு வாசற்கதவு வழியாக உள்ளே வந்து, ஆவண அறையைப் பிளந்து, கேன்டீன் ஓரமாக நடந்து, பின்புறத்தில் எனக்குக் கொடுத்த வீட்டுக்குள் நுழைந்தது. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் போனது. கூடத்தில் என் மனைவி சமைப்பாள். உள்ளறையில் எங்கள் பாப்பா தூங்குவாள். விரிசலுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக்காரர் குடியிருக்க வேண்டும் என்பது விதி. வீட்டை விட்டுப் போனால் வேலையை விட்டுப் போனதாக அர்த்தம். வேறு வேலை கிடைத்திருந்தால் இந்த வேலைக்கு யார் வருவார்கள்?

சேர்ந்த புதிதிலேயே ஒரு சில்லு உடைந்தது. ஏதோ சாதித்துவிட்ட மாதிரி கண்காணிப்பாளர் அம்மாவிடம் ஓடினேன்.

"மேடம், உடைஞ்சிருச்சு!"

"எப்படி உடைச்சீங்க?"

"நான் உடைக்கலை மேடம். நிலம் நகர்ந்திருக்கு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நிலம் யார்கிட்ட வேலை பாக்குது?"

நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

"நம்மகிட்ட வேலை பாக்கலைல்ல? அப்ப அதுகிட்ட நான் விளக்கம் கேக்க முடியுமா? நீங்கதான் நம்மகிட்ட வேலை பாக்குறீங்க. உங்ககிட்டதான் கேக்க முடியும்."

நியாயமாகத்தான் பட்டது. 'என் கவனக்குறைவால் உடைந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் எது உடைந்தாலும் அப்படியே எழுதினேன். எனக்கு முன்பு இருந்த கண்ணாடிக்காரரும் அப்படித்தான் எழுதினாராம். வாரிய வரலாற்றிலேயே மிகக் கவனக்குறைவான ஊழியர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றார். மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள்.

வாரியத்தின் ஆண்டு விழாவில்தான் தலைவரை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தேன். அவருடைய வலது சுண்டு விரலில் ஒரு நீண்ட நகம் வளைந்து தொங்கியது. கண்டங்கள் நகம் வளரும் வேகத்தில்தான் நகர்கின்றன என்று எங்கோ படித்த நாளிலிருந்து அதை வெட்டாமல் வளர்க்கிறார். அந்த விரலுக்கென்று ஒரு வெல்வெட் உறை. உறையைக் கழற்ற ஓர் உதவியாளர். அந்தக் கையால் பேனா பிடிக்க முடியாது என்பதால் அவர் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவதில்லை. விழாவில் உறையைக் கழற்றி, நகத்தை அளந்து, அளவை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். பிறகு தலைவர் பேசினார்.

"ஒரு காலத்துல உலகத்துல இருக்கிற நிலமெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஒரே கண்டமா இருந்துச்சு. அப்புறம் பிரிஞ்சுது. ஏன் பிரிஞ்சுது? கண்காணிக்க அப்ப வாரியம் இல்ல!"

கைதட்டல்.

"கண்டமும் கண்டமும் மோதினா மலை எழும்புது. கண்டமும் கண்டமும் விலகினா கடல் பிறக்குது. சும்மா உரசிக்கிட்டே போனா என்ன பிறக்குது? நம்ம வாரியம் பிறக்குது! கோடிக்கணக்கான வருஷமா அவசரமே இல்லாம நடந்துக்கிட்டிருக்கிற வேலை இது. இதைப் பாக்குறவங்க அவசரப்பட்டா அந்த வேலைக்கே அவமரியாதை."

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். மலையை எழுப்புகிற சங்கதி, கடலைப் பிறப்பிக்கிற சங்கதி, என் பெண் கட்டிலுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. அதுவரை விரிசல் என்றால் கொத்தனார் சரியில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறீங்க?"

"நீ சமைக்கிறது ஒரு கண்டத்துலடி. பாப்பா தூங்குறது இன்னொரு கண்டத்துல."

"அதான் சாப்பிடக் கூப்பிட்டா காதுல விழ மாட்டேங்குதா அவளுக்கு?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாளில் அவள் சிரிப்பும் நின்றது. தரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் உள்ளறைக் கதவு தானாகப் போய்ச் சாத்திக்கொள்ளும். சட்டம் கோணியிருந்ததால் சாத்திய கதவு திறக்காது. முக்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். ஒருநாள் பாப்பா விளையாட முக்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு அவள் பின்னாலேயே சாத்திக்கொண்டது. நான் ஓடி வந்து சேர்ந்தபோது மனைவி கதவில் மோதி மோதித் தோள் வீங்கி நின்றாள். உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை முதலில் சத்தமாகவும் பிறகு சத்தமில்லாமலும் வந்தது. கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தோம். பாப்பா முக்காலியின் மேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கத்தினால் சுவர் கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தாளாம்.

மறுநாள் ஒரு மனு எழுதிக்கொண்டு போய்க் கண்காணிப்பாளர் அம்மா முன்னால் நின்றேன்.

"வேற வீடு வேணும் மேடம். குழந்தை உள்ள மாட்டிக்கிட்டா."

"ஆபத்து இருந்தா மாத்தித் தரலாம். விதியில இடம் இருக்கு. ஆபத்துன்னு நிரூபிங்க."

"எப்படி மேடம் நிரூபிக்கிறது?"

"சில்லு உடைஞ்சா ஆபத்துதானே?"

"போன மாசம் முழுக்க உடைஞ்சுக்கிட்டேதானே மேடம் இருந்துச்சு!"

"அதெல்லாம் உங்க கவனக்குறைவால உடைஞ்சுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப வந்து மாத்திப் பேசுனா எப்படி?" என்றார். சொல்லும்போது அவர் குரலில் உண்மையிலேயே ஒரு வருத்தம் இருந்தது.

ஆனாலும் என் மனு வீண் போகவில்லை. அதைப் படித்தபிறகுதான் சில்லுகள் இவ்வளவு உடைகின்றன என்று வாரியத்துக்குத் தெரிந்தது. பதறிப்போய் ஒரு குழு போட்டார்கள். குழு என் வீட்டுக்கே வந்தது. பாப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தது. பிரச்சினையை ஆராய்ந்து, பிரச்சினை என்பது கண்ணாடி உடைவதுதான் என்று கண்டுபிடித்தது. அடுத்த வாரம் தடித்த கண்ணாடி வந்தது. அதுவும் உடைந்தது. லாரிக்குப் போடுகிற கண்ணாடியை வெட்டி ஒட்டினோம். அது வலைபோல நொறுங்கி நின்றது. கடைசியில் ஸ்டோர் கீப்பர்தான் வழி சொன்னார்.

"இரும்புல போட்டுட்டா என்ன?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இரும்பு உடையாதே சார்?"

குழு முழுவதும் என்னைப் பார்த்துத் திரும்பியது. "அதுக்குத்தானேய்யா போடுறோம்?"

விதிப்புத்தகத்தில் கண்ணாடி என்றுதான் இருக்கிறது, ஆகவே இதற்கு 'இரும்பு ரகக் கண்ணாடி' என்று பெயர் வைத்தார்கள். கட்டைவிரல் தடிமனில் ஒரு பட்டையை என் வீட்டுச் சுவரில் விரிசலுக்குக் குறுக்கே வைத்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். உடையவில்லை. அதற்கு அடுத்த நாளும் உடையவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். பொய் எழுதவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நில நகர்வு நிறுத்தப்பட்டுவிட்டதாக வாரியம் அறிவித்தது. வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். தலைவர் அவர்களை என் வீட்டுக்குள் அழைத்துவந்து, பட்டையை உறை போட்ட விரலால் சுட்டிக்காட்டி, "அடக்கிட்டோம்" என்றார். அவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் பாப்பாவைத் தூக்கி இரும்புக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு விஷயம் எனக்கு மட்டும்தான் உறுத்தியது. அதற்கு முன்பெல்லாம் விரிசலிலிருந்து மெதுவாக ஒரு சத்தம் வரும். தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி. இப்போது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லை.

வாரியத்தில் ஓர் ஆய்வாளர் இருந்தார். பூமியைப் பற்றி உலகத்தில் என்னென்ன படிக்க முடியுமோ அவ்வளவும் படித்தவர். கேன்டீனில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"நின்னுட்டா நல்லதுதானே சார்?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "வீட்ல பீரோ நகத்தியிருக்கீங்களா?"

"நகத்தியிருக்கேன் சார்."

"தள்ளுவீங்க, நகராது. இன்னும் தள்ளுவீங்க, நகராது. அப்புறம்?"

"திடீர்னு நகர்ந்து கால் மேல ஏறிடும் சார்."

"அதான். இவ்வளவு நாளும் கொஞ்சம் கொஞ்சமா நகந்துக்கிட்டிருந்துச்சு. இப்ப ஆழத்துல எங்கயோ சிக்கிக்கிச்சு. நம்ம இரும்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா தள்ளுறவன் நிறுத்தலை பாருங்க. தள்ளிக்கிட்டேதான் இருக்கான்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "எப்ப சார் ஏறும்?"

"நாளைக்கும் ஏறலாம். என் பேரன் காலத்துலயும் ஏறலாம்."

"வாரியத்துல சொன்னீங்களா?"

"சொன்னா என் தலைமையிலேயே ஒரு குழு போட்டுடுவாங்க. எனக்கு ஓய்வு வரப்போகுது. ஆனா கடமையை விடலை. வெளிநாட்டுப் பத்திரிகையில விளக்கமா எழுதியிருக்கேன். நம்ம நூலகத்துக்கும் அது வருது. யாரும் பிரிக்க மாட்டாங்க, பத்திரமா இருக்கும்."

எழுந்து போகும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நீங்க எங்க சார் தூங்குறீங்க?"

"தோட்டத்துல கூடாரம் போட்டு" என்றார். "காத்தோட்டமா இருக்குன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலமே திருப்புளியை எடுத்தேன். கூடாரம் வாங்க வழியில்லை, வீட்டை விட்டுப் போகவும் முடியாது. என் கைக்கு எட்டியது அந்தக் கதவு ஒன்றுதான். மனைவி கதவைத் தாங்கிக்கொள்ள, கீல்களைக் கழற்றினேன். கனமான தேக்குக் கதவு. இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த மைதானத்தில் கிடத்தினோம். முதல் தடவையாக அன்றைக்குப் பாப்பா வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தூங்கினாள்.

மைதானத்தில் கதவைப் பார்த்த பியூன் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டார். மறுநாள் விசாரணை. தலைவரின் அறையில் நடந்தது. அங்கே முதல் தலைவரின் மேசை தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. உலகத்தில் எது எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்த மேசையிலிருந்துதான் அளப்பார்கள். ஆகவே மேசை மட்டும் இதுவரை நகர்ந்ததே இல்லை. ஒரு பக்கம் தலைவர், இன்னொரு பக்கம் கண்காணிப்பாளர் அம்மா, எதிரே நான் நின்றுகொண்டு.

"வாரியத்தோட கதவு" என்றார் அம்மா. "ஏன் கழட்டினீங்க?"

"பயமா இருந்துச்சு மேடம்."

தலைவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "பயம் யாருக்குய்யா இல்ல? எனக்கு இல்லையா? இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேருந்து எனக்கு ஒழுங்கா தூக்கம் கிடையாது. ஆனா நான் கதவைக் கழட்டினேனா? என் பயத்தை இந்த ரூமுக்குள்ளயே வச்சிருக்கேன். நீங்க உங்க பயத்தைத் தூக்கிட்டுப் போய் மைதானத்துல போட்டிருக்கீங்க. போறவன் வர்றவன் பாக்க மாட்டானா?"

"சார், குழந்தை உள்ள..."

"நிலம் நகராம இருக்கணும்னு இந்த வாரியம் வைக்கலை. நிலம் நகந்தா நகந்துட்டுப் போகுது. ஜனங்க பயப்படாம இருக்கணும். அதுக்குத்தான் வாரியம்."

அப்போது மேசையின் மேல் இருந்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. கண்காணிப்பாளர் அம்மா சட்டென்று டம்ளரைக் கையால் பிடித்துக்கொண்டார். உடைந்தால் விளக்கம் எழுத வேண்டுமே என்ற பழக்கம். டம்ளர் நின்றது. அறை நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கீழேயிருந்து வந்தது. நூறு லாரிகள் தரைக்கடியில் ஓடுவது போல. ஜன்னல் கம்பிகள் பாடின. கூரையிலிருந்து காரை கொட்டியது. நகரவே நகராத மேசை, தரையில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு சுவரை நோக்கிப் போனது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த தலைவரும் கூடவே போனார். வெல்வெட் உறைக்குள் 'டப்' என்று ஏதோ முறிந்தது.

"என் நகம்!" என்று அலறினார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது. கதவுக்கு வெளியே பாய்ந்தபோது, மேசைக்கடியிலிருந்து கண்காணிப்பாளர் அம்மாவின் குரல் துரத்தியது. "எங்க போறீங்க? விசாரணை முடியலை!"

காலடியில் நிலம் நழுவியது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். நான் அதன் மேல் ஓடினேன். விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். பாப்பா அந்த நேரத்தில் உள்ளறையில் தூங்குவாள். அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. என் வீட்டு வாசலுக்கு நேராகப் போகும் நடைபாதை இப்போது வாசலுக்கு நேராகப் போகவில்லை. வேறு எங்கோ சுவரில் போய் முட்டியது. வீட்டின் பாதி ஒரு கை நீளம் அந்தப் பக்கம் போயிருந்தது. உள்ளறையின் கூரை உள்ளே கிடந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன்.

"என்னங்க!"

மைதானத்தின் நடுவில் மனைவி நின்றாள். தலையிலிருந்து கால் வரை சுண்ணாம்புத் தூசி. இடுப்பில் பாப்பா.

"சத்தம் கேட்டதும் உள்ள ஓடினேன். தூக்கினேன். வெளிய வந்தேன். அவ்வளவுதான். பின்னாலயே இடிஞ்சு விழுந்துச்சு. கதவு மட்டும் இருந்திருந்தா..." என்றாள். நான் இருவரையும் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பாப்பா என் வாயைப் பொத்தினாள்.

அதிர்வு அடங்கியதும் வாரியம் ஆய்வுக்கு வந்தது. தலைவர் விரலில் கைக்குட்டை சுற்றியிருந்தார். ஆய்வாளர் இடிபாட்டின் மேல் ஏறி நின்று, "அருமையான நகர்வு, அருமையான நகர்வு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில் இரும்புப் பட்டை அப்படியே தொங்கியது. அதன் மறுமுனையில், உள்ளறைச் சுவரிலிருந்து பிய்ந்து வந்த ஒரு பெரிய துண்டு போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு ஆடியது.

"கண்ணாடி உடைஞ்சிருக்கா?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

பார்த்தேன். கீறல்கூட இல்லை. "இல்ல சார்."

"உடையவில்லைன்னு எழுதிக்கோங்கம்மா" என்றார். அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சட்டப்படி நடந்தது. கண்ணாடி உடையவில்லை என்றால் நகர்வு இல்லை. நகர்வு இல்லை என்றால் கதவைக் கழற்றக் காரணம் இல்லை. சாயங்காலம் உத்தரவோடு பியூன் மைதானத்துக்கு வந்தார். நாங்கள் அந்தக் கதவின் மேல்தான் இருந்தோம். தரையில் படுக்கப் பயந்த பாப்பா, பலகையில் படுக்க வைத்ததும் தூங்கிவிட்டாள்.

"கதவைப் பழைய இடத்துல மாட்டணுமாம் அண்ணே" என்றார் பியூன்.

"எந்த இடத்துல?"

பியூன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பழைய இடம் இரண்டு கண்டங்களில் இருந்தது. மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள். "இப்பதான் அண்ணே கண்ணசந்தா. அவ முழிச்சதும் எடுத்துட்டுப் போங்க."

அடியில் மறுபடி ஓர் உறுமல். பியூன் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று கதவின் ஓரத்தில் வந்து குந்தினார்.

இருட்டுவதற்குள் தலைவரும் வந்தார். கூட யாரும் இல்லை. கதவைப் பார்த்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"இது வாரியத்தோட கதவுதானே?"

"ஆமா சார்."

"அப்ப நானும் உக்காரலாம்ல?"

மனைவிதான் பதில் சொன்னாள். "பாப்பா முழிச்சுக்காம உக்காருங்க."

தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே எங்கோ மறுபடி உறுமியது. அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நகம் போன அந்தச் சுண்டு விரல் ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது.